வெயிலில் வாடும் புல்தரை: டிரையசோலா, ஸ்ட்ரோபிலுரினா, போசெட்டைலா?

கோடையில் புல்தரை வெளுத்ததும் கை முதலில் மருந்து டப்பாவுக்குத்தான் போகும். அதற்கு முன் ஒரு கொத்துப் புல்லை 10 செ.மீ. ஆழத்துக்கு மண்ணோடு தோண்டி, வேரைக் கழுவிப் பாருங்கள். குட்டையாக இருந்தாலும் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் பெரும்பாலும் சூடோ இறுகிய மண்ணோதான் காரணம். அதற்கு மருந்து கிடையாது. வேர் பழுப்பேறி, லேசாக இழுத்தாலே தோல் உருவி உள்ளே இருக்கும் நார் மட்டும் மிஞ்சினால், பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் வரும் பித்தியம் என்ற வேரழுகலைச் சந்தேகிக்கலாம். அப்போதுதான் எந்த மருந்து என்ற கேள்வியே வரும்.

கோடையில் அதிகம் தவறு நடப்பது டிரையசோல் என்ற பூஞ்சைக்கொல்லிக் குடும்பத்தில். புரோப்பிகோனசோல், டெபுகோனசோல், டிரையடிமெஃபான் எல்லாம் இந்தக் குடும்பம். பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெராலை உருவாக்கும் நொதியை இவை முடக்குகின்றன. அதே வகை நொதி புல்லில் ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உருவாகவும் வேண்டும் என்பதால், பூஞ்சையோடு சேர்ந்து புல்லின் வளர்ச்சியும் அடங்கும். இலை அகன்று, சொரசொரத்து, நீலம் பாய்ந்த பச்சையாகும். மிதமான பருவத்தில் இது பெரிய கேடில்லை. நீர் ஆவியாவது குறைவதால் வறட்சியைத் தாங்கக்கூட உதவலாம். கடும் வெயிலில் அப்படியல்ல. உதிர்ந்த இலைக்கு ஈடாகப் புது இலை வராமல் தரை மெலிந்துபோகும். ஏற்கெனவே புல் வளர்ச்சியைக் குறைக்கும் டிரைனெக்ஸாபேக் எத்திலோ பேக்லோபியூட்ரசோலோ அடித்திருந்தால் அடக்கம் இரட்டிப்பு. கோல்ஃப் கிரீனில் உள்ள அருகுக்கு, வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புரோப்பிகோனசோல் வேண்டவே வேண்டாம். டிரையசோல்தான் வேண்டும் என்றால் டிரிட்டிகோனசோல், மெஃபென்ட்ரிஃப்ளூகோனசோல் இரண்டும் இந்த விஷயத்தில் மென்மையானவை.

அசாக்ஸிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின் போன்ற ஸ்ட்ரோபிலுரின்கள் பூஞ்சையின் மைட்டோகாண்ட்ரியாவில் மூச்சை அடைப்பவை, புல்லைக் குறுக்காது. வெயில் காலத்துக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். குறைகளும் உண்டு: டாலர் ஸ்பாட் என்ற இலைநோயை அசாக்ஸிஸ்ட்ரோபின் அடக்காது, சில நேரம் அதிகப்படுத்தும். ஒரே ஒரு மரபணு மாற்றத்தில் பூஞ்சை இந்த மொத்தக் குடும்பத்துக்கும் எதிர்ப்பு பெற்றுவிடும் என்பதால் தொடர்ந்து இதையே அடிக்கக் கூடாது.

இன்னொன்று: இந்த இரு குடும்பங்களும் செடிக்குள் நகர்ந்தால் மேல்நோக்கித்தான் நகரும். இலையில் அடித்தது வேருக்கு இறங்காது. 100 சதுர மீட்டருக்கு 8 லிட்டர் தண்ணீரில் கலந்து அடித்துவிட்டு நிறுத்தினால், மருந்து இலையிலும் அதற்கடியில் உள்ள மக்காத நார்ப்படுகையிலும் தங்கிவிடும். வேர்நோய்க்கு என்றால், தெளிப்பு காயும் முன்பே 3 முதல் 5 மி.மீ. பாய்ச்ச வேண்டும், அதே பரப்புக்கு 300 முதல் 500 லிட்டர். இலைநோய்க்கு இப்படிப் பாய்ச்சினால் மருந்தைக் கழுவிவிட்டதாகும்.

கீழ்நோக்கியும் இறங்குவது போசெட்டைல் அலுமினியம். பித்தியத்துக்கு முன்தடுப்பாக நன்று. அழுகல் பரவிய பிறகு சயசோஃபமிட் என்ற மருந்தைப் பாய்ச்சி இறக்குவதே மேல். போசெட்டைலைத் தாமிர மருந்தோடு கலந்தால் இலை கருகும். செடிக்குள் அது பாஸ்பைட்டாக மாறும். அதைப் பாஸ்பரஸ் உரக் கணக்கில் சேர்க்காதீர்கள். சில தயாரிப்புகளில் பச்சை நிறமியும் இருக்கும். தெளித்த மறுநாள் தரை பளிச்சென்று தெரிவது அதனால்தான், வேர் வளர்ந்ததால் அல்ல.

குளோரோதலோனில் என்ற பூஞ்சைக்கொல்லி இலைமேல் மட்டும் நிற்கும்; வளர்ச்சியை அடக்காது, வேருக்கும் உதவாது.

நோயே இல்லாத தரையில் ‘ஆரோக்கியத்துக்காக’ அடிக்கும் தெளிப்பு சில இடங்களில் பச்சையைக் கூட்டுகிறது, சில இடங்களில் ஒன்றுமே செய்வதில்லை. வேர் அதனால் நீண்டது என்று நம்புவதைவிட, வெட்டும் உயரத்தைச் சற்றுக் கூட்டி, மெல்லிய ஊசி முனைகளால் மண்ணில் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுப்பது பலன் தரும். சந்தேகம் இருந்தால், தெளிக்கும்போது 1 சதுர மீட்டர் பலகையை ஒரு மூலையில் போட்டு மூடி, தெளித்ததும் எடுத்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து, பலகை மூடியிருந்த இடத்திலும் அதற்கு வெளியேயும் ஒவ்வொரு கொத்து தோண்டி, வேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.