கொள்ளுப் பேத்திக்குச் சொன்ன கதை: சிண்டிவே மகோனாவின் தன்வரலாறு

டர்பனில் பழைய புத்தகக் கடையொன்றில் 80 ராண்டுக்கு வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து முடித்த நூல் இது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சிண்டிவே மகோனா எழுதிய ‘டு மை சில்ட்ரன்ஸ் சில்ட்ரன்’, அதாவது ‘என் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு’, 1990-இல் வெளிவந்தது. தன்வரலாறு என்ற வரிசையில் வைத்தாலும், பேரப்பிள்ளையின் பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொண்டு ஒரு கிழவி பேசுவதுபோலத்தான் நூல் முழுவதும் அமைந்திருக்கிறது. கிழவியின் குரலில் பேசும் ஆசிரியைக்கு அப்போது ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

மகோனா 1943-இல் உம்டாட்டாவுக்கு அருகிலுள்ள குங்குலூலு என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் பிழைப்புக்காகக் கேப்டவுனில் இருக்க, சிறுபிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தார்கள். இரவில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட்டி சொன்ன கதைகளை அவர் விவரிக்கும் தொடக்கப் பக்கங்களே இந்நூலின் மிகச் செழிப்பான பகுதி. கதை கேட்டுக்கொண்டே பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போகும் அந்தச் சூட்டை உணரவைக்கும் எழுத்து அது. எங்கள் ஆயா கரும்புத் தோட்டத்து லயக் குடியிருப்பைப் பற்றிச் சொன்னவற்றை யாரும் எழுதி வைக்கவில்லையே என்ற ஏக்கத்தில் அங்கே நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பிறகு குடும்பம் கேப்டவுனை ஒட்டிய தகரக் கொட்டகைக் குடியிருப்புக்கு வருகிறது. அங்கிருந்தும் அரசு பெயர்த்தெடுத்து, பின்னாளில் குகுலேத்து என்று பெயர் பெற்ற இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. 1950-இன் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது: நகரத்தில் தங்குவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நெருக்கடி கறுப்பின மக்களின் தலைமேல் தொங்கிய அளவுக்கு நம் தலைமேல் தொங்கியதில்லை.

தாய்மையைப் பற்றிய பக்கங்களில் ஆசிரியை எதையும் பூசி மெழுகுவதில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்துக் கையில் சான்றிதழோடு நின்ற பெண், கருவுற்றதால் அந்த வழி அடைபட்டு, நான்கு ஆண்டுகள் வெள்ளையர் வீடுகளில் வேலைக்காரியாக இருக்கிறாள். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கணவன் விட்டுப் போகிறான். அப்போது அவளுக்கு வயது 23. தன் பிள்ளைகளை வேறொருவர் பார்த்துக்கொள்ள, தான் போய் இன்னொருத்தியின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் முரணை, அழுகையோ ஆவேசமோ இல்லாமல், ஓரிடத்தில் சிரிப்போடுகூட அவரால் சொல்ல முடிகிறது. அந்தச் சிரிப்புதான் எனக்கு வலித்தது. தம் இளமைக்காலத்து முட்டாள்தனங்களையும் அவர் சட்டத்தின்மேல் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை.

குறை ஒன்று உண்டு. எழுத்தாளர் எப்படி எழுத்தாளர் ஆனார் என்பதை அறிய வாங்குபவர் ஏமாறுவார், ஏனென்றால் நூல் அந்த 23 வயதோடு நின்றுவிடுகிறது. 1992-இல் வந்த ‘ஃபோர்ஸ்ட் டு க்ரோ’ என்ற இரண்டாம் பகுதியை நூலகத்திலிருந்து இரவல் வாங்கித்தான் மிச்சத்தைத் தெரிந்துகொண்டேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அஞ்சல்வழியில் படித்துப் பட்டம் பெற்றதும், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் வரை போனதும் அதில் வருகின்றன. படிப்பும் பதவியும் அடுக்கடுக்காக வரும் அந்தப் பகுதியில் முதல் நூலின் குரல் சற்றுத் தேய்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம். கொள்ளுப் பேத்தி எதிரே இருக்கும்போது இருந்த நெருக்கம் அங்கே இல்லை.

யாரையாவது விளித்துப் பேசும்போதுதான் மகோனாவின் எழுத்து முழு வலிமையோடு எழுகிறது என்று நான் நினைக்கக் காரணம், 1998-இல் வந்த ‘மதர் டு மதர்’ என்ற நாவல். 1993-இல் குகுலேத்துவில் கொல்லப்பட்ட அமெரிக்க மாணவி ஏமி பீலின் கதையை அடிப்படையாகக் கொண்ட அந்த நாவலில், கொன்றவனின் தாய் கொல்லப்பட்டவளின் தாயோடு பேசுகிறாள். ஐக்கிய நாடுகள் சபையில் 2003 வரை இருபது ஆண்டுகளுக்கு நெருக்கமாகப் பணியாற்றிய ஒருவர் அறிக்கை நடையை விட்டு ஒரு தாயின் பேச்சு நடையைத் தேர்ந்தது, குங்குலூலுவின் அடுப்படியிலிருந்து வந்த பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆங்கிலம் எளிமையானது, மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் தடுமாறாமல் படிக்கலாம். மகோனாவே இதைத் தம் தாய்மொழியான கோசாவிலும் தந்திருக்கிறார். தமிழில் யாராவது கொண்டுவந்தால், இங்குள்ள கோயில் பள்ளிகளின் பெரிய வகுப்புக்கு முதல் நான்கைந்து அத்தியாயங்களையாவது பாடமாக வைக்கலாம். புதுப் பிரதிக்குக் காத்திருக்காமல் பழைய புத்தகக் கடைகளில் தேடுவது நல்லது. என் பிரதி இப்போது என் மகளிடம் இருக்கிறது; கேட்டால், கைக்குழந்தை தூங்கும் நேரத்தில் பத்துப் பத்துப் பக்கமாகப் படிப்பதாகச் சொல்கிறாள்.