ஓடும்போது குடிக்க: பாட்டில் பானமா, வீட்டுக் கலவையா?

ஞாயிறுதோறும் ஓடுகிறேன், 15 முதல் 21 கிலோமீட்டர் வரை. சென்னைப் புழுக்கத்தில் வெறும் தண்ணீர் போதவில்லை. பாக்கெட் மாம்பழச் சாறு, விளையாட்டுப் பானம், வீட்டு எலுமிச்சை நீர் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் எலுமிச்சை நீரிலேயே நின்றுவிட்டேன்.

விலை, ருசி எல்லாம் தெரிந்த கதைதான். முடிவு செய்தது சர்க்கரையின் அளவு. சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு கடத்திப் புரதம், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. அதனால் கொஞ்சம் சர்க்கரையும் உப்பும் இருந்தால் நீர் சீக்கிரம் ஏறும். சர்க்கரை கூடினால் கதை மாறுகிறது. இரைப்பை காலியாவது மெதுவாகும். கரைசலின் செறிவு, அதாவது லிட்டருக்கு எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்ற அளவு, ரத்தத்தின் செறிவான சுமார் 290 மில்லிஆஸ்மோலைத் (அந்த அளவின் அலகு) தாண்டிவிட்டால், முதலில் உடம்பிலிருந்துதான் குடலுக்குள் நீர் இறங்கும். தாகம் தணிக்கக் குடித்தது, இருக்கிற நீரையும் கேட்கிறது!

100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள மாம்பழச் சாறு இங்கேயே அவுட். அதைக் குடித்துவிட்டு ஓடிய அன்று ஆறாவது கிலோமீட்டரிலிருந்து வயிறு குலுங்கிக்கொண்டே வந்தது.

விளையாட்டுப் பானங்களில் பெரும்பாலும் 6 முதல் 8 சதவீதம். ஆறு பரவாயில்லை, எட்டு எனக்குக் கனம். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். எதிர்த் துருவம்: லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், செறிவு 245. நீர் ஏற அருமை. ஆனால் வயிற்றுப்போக்குக்கென்று வகுத்த உப்பளவு அது, ஓடும்போது குடிக்க ரொம்பக் கரிக்கிறது.

என் கலவை இரண்டுக்கும் நடுவில்: ஒரு லிட்டர் தண்ணீர், 35 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை குடல் சுவரில்தான் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல் இருப்பதால் ஒரே கதவில் நெரிசல் இல்லை.

சரி, 42 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு இது போதுமா? நான் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. அங்கே நீரோடு சக்தியும் வேண்டும். என் பாட்டிலில் லிட்டருக்கு 140 கலோரிதான், ஆறு சதவீதப் பானத்தில் 240. அவர்கள் விளையாட்டுப் பானத்துக்கே போவதில் நியாயம் இருக்கிறது.

வெயில் கடுமையான நாளில் உப்பை மட்டும் ஒரு சிட்டிகை கூட்டுகிறேன். சர்க்கரையில் கை வைப்பதில்லை.