கால்சியம் நைட்ரேட்: பாக்கெட் வாங்கும் முன் குழாயைப் பாருங்கள்

மாடித் தோட்டக்காரர்கள் கால்சியம் தேடிப் போவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான். தக்காளியின் அடியில், காம்புக்கு நேர் எதிர்ப்புறம், முதலில் நீர்கோத்த மாதிரி ஒரு வட்டம் தெரியும். சில நாளில் அது கறுத்து, தோல்போலக் காய்ந்து உள்வாங்கிவிடும். இதுதான் நுனி அழுகல், காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. குடைமிளகாயிலும் சுரைப்பிஞ்சிலும்கூட வரும். காயில் ஓட்டை இருந்தால் அது புழு. வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளிறியிருந்தால் அது வெயில் சூடு. இந்த இரண்டுக்கும் கால்சியம் மருந்தல்ல.

உரக்கடைகளில் 1 கிலோ பாக்கெட்டில் வரும் வெள்ளைக் குருணைதான் கால்சியம் நைட்ரேட். லேபிளில் நைட்ரஜன் 15.5 சதவீதம், கால்சியம் 18 முதல் 19 சதவீதம் என்று இருக்க வேண்டும். முழுக்கக் கரையும், வேரும் உடனே இழுத்துக்கொள்ளும். ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் நாலு ஸ்பூன் போட்டுக் கலக்கிப் பாருங்கள்: டம்ளர் கையில் சில்லிடும். மேலே மெழுகுபோல் படலம் மிதந்தால் பரவாயில்லை, அது குருணையின் மேல்பூச்சு. அடியில் வெள்ளை வண்டல் தங்கினால் சரக்கு சரியில்லை.

அளவு லிட்டருக்கு 2 கிராம். பூ எடுத்ததிலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, செடி வளரும் ஒரு பைக்கு அரை லிட்டர், ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். இலையில் தெளிப்பதால் பெரிய பலன் இல்லை. கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு மேலே ஏறும். ஒருமுறை இலைக்குப் போய்விட்டால் அங்கிருந்து காய்க்குத் திரும்பாது. ஏற்கெனவே கறுத்த காயும் தேறாது, பறித்துப் போடுங்கள்.

வடசென்னைக்காரர்கள் கணக்குப் போட வேண்டிய இடம் வேறு. உங்கள் போர் தண்ணீரின் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதிதான் கால்சியத்தால் வந்தது என்றாலும் லிட்டருக்கு 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு பைக்குத் தினம் 2 லிட்டர் ஊற்றினால் 240 மில்லிகிராம். மேலே சொன்ன அரை லிட்டர் கரைசல் தருவது சுமார் 190 மில்லிகிராம்தான். அதாவது 15 நாளுக்கு ஒருமுறை காசு கொடுத்து ஊற்றுவதைவிட அதிகம் ஒரே நாளில் குழாயிலிருந்தே இறங்குகிறது!

அப்படியும் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் காய் அழுகுகிறதென்றால் குறை கால்சியத்தில் இல்லை, உப்பில். உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. தண்ணீர் ஏறாவிட்டால் கால்சியமும் ஏறாது. மொட்டை மாடி வெயிலில் சின்னக் கறுப்புப் பை மதியத்துக்குள் காய்ந்து போவதும் இதே வேலையைத்தான் செய்யும். இவர்களுக்கு ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) போதும், அது மண்ணில் ஒட்டிய சோடியத்தை விடுவிக்கும், விலையும் குறைவு. 12 அங்குலப் பைக்கு ஒரு மேசைக்கரண்டி மேல்மண்ணில் கிளறிவிட்டு, மழைத் தண்ணீரோ மெட்ரோ வாட்டரோ கிடைக்கும்போது அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். மேலே சருகு மூடாக்கு போட்டு, கோடையில் காலை மாலை இருவேளையும் தண்ணீர் விடுங்கள். நிலக்கடலைக்கு ஜிப்சம் போடும் விவசாயிக்கு இதெல்லாம் பழைய சங்கதி.

மெட்ரோ வாட்டரை நம்பி, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் வளர்ப்பவர்களுக்குத்தான் கால்சியம் நைட்ரேட் காசுக்கு ஏற்ற சரக்கு. கழுவாத கோகோபீட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். செடி வைக்கும் முன்பே இந்தக் கரைசலில் ஒருநாள் ஊறவைத்துப் பிழிந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

எப்சம் உப்போடு (மெக்னீசியம் சல்பேட்) ஒரே வாளியில் கலக்காதீர்கள். கரைசல் கெட்டியாக இருந்தால் ஜிப்சமாக மாறி வண்டலாகத் தங்கி, தெளிப்பான் மூக்கை அடைக்கும். 19:19:19 உரத்தில் பாஸ்பரஸ் இருப்பதால் அதோடும் சேராது. நாலு நாள் இடைவெளி விடுங்கள். யூரியாவையும் வாழைப்பழத்தோல் தண்ணீரையும் அளவோடு வையுங்கள். அமோனியமும் பொட்டாஷும் கால்சியத்தோடு போட்டி போடுபவை.

முட்டை ஓடு (கால்சியம் கார்பனேட்) கரையவே மாதக்கணக்காகும், அதுவும் காரமான மண்ணில் இன்னும் மெதுவாக. மெடிக்கல் ஷாப் கால்சியம் மாத்திரையும் பெரும்பாலும் அதே கார்பனேட்தான், விலைதான் கூடுதல். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், வேரைச் சுட்டுவிடும்.

பாக்கெட் அளவில்தான் இந்தச் சரக்கின்மேல் ஒரு குறை. 10 பைக்கு மூன்று மாதத்துக்குத் தேவைப்படுவது 60 கிராம்தான். மீதி 940 கிராமை ராயபுரத்துக் கடல்காற்றில் திறந்து வைத்தால் சீக்கிரமே கூழாகிவிடும். 250 கிராம் கிடைத்தால் அதையே வாங்கி, இறுக மூடும் டப்பாவில், அடுப்புக்கும் குழந்தைகள் கைக்கும் எட்டாமல் வையுங்கள்.