பிழிந்த பிறகு எவ்வளவு ஈரம் மிஞ்சுகிறது? பயணத் துண்டுகள் ஓர் ஒப்பீடு

மூன்று நாள் மலைநடை ஒன்றில்தான் துண்டைப் பற்றி முதன்முதலாக யோசித்தேன். முதல் நாள் மாலை ஓடையில் குளித்துவிட்டு, வீட்டில் இருக்கும் தடித்த டர்க்கி டவலால் துவட்டி, அதைக் கூடாரக் கயிற்றில் போட்டேன். விடியற்காலையில் தொட்டுப் பார்த்தால் முந்தின இரவைவிட ஈரம். ராத்திரி இறங்கிய பனியில் நன்றாக ஊறியிருந்தது. கிளம்பும் அவசரத்தில் பிளாஸ்டிக் பையில் சுருட்டி முதுகுப்பைக்குள் திணித்தேன். மறுநாள் பையைப் பிரித்ததும் முடைநாற்றம் அடித்தது. பக்கத்தில் இருந்த மாற்றுச் சட்டையிலும் அது ஏறியிருந்தது. துவட்டவும் உதவாமல், தூக்கிப் போடவும் மனமில்லாமல், அந்த ஈரப் பொதியை மலையிறங்கும் வரை சுமந்தேன்.

அதற்குப் பிறகு பயணத்துக்கென்று விற்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, பயன்படுத்தி, எடை போட்டுப் பார்த்து வருகிறேன். இங்கே எதிரெதிரே நிறுத்துவது நான்கு வகை. மைக்ரோஃபைபர் எனும் மிக நுண்ணிய செயற்கை இழையில் தோல்போல வழவழப்பான ஸ்வேட் ரகம், சதுரச் சதுரமாகக் குழி விழுந்த வாஃபிள் மைக்ரோஃபைபர், நீச்சல்காரர்கள் வைத்திருக்கும் பஞ்சு போன்ற பி.வி.ஏ. துண்டு, கடைசியாக மெல்லிய பருத்தி நெசவான ஈரிழைத் துண்டு. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பழைய டர்க்கி டவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

சோதித்த முறை எளிது. எல்லாவற்றையும் காய்ந்த நிலையில் சமையலறைத் தராசில் எடை போட்டேன். வாளித் தண்ணீரில் முக்கிச் சொட்டச் சொட்ட எடுத்து ஒரு எடை, கை வலிக்கும் வரை முறுக்கிப் பிழிந்து இன்னொரு எடை. பிறகு நிழலில் ஒரே கொடியில் வரிசையாகக் காயப்போட்டு, அரை மணிக்கு ஒருமுறை இறக்கி எடை பார்த்தேன். எது முதலில் பழைய எடைக்குத் திரும்புகிறதோ அது காய்ந்தது. தொட்டுப் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. ஈரத்தை உணர நம் தோலுக்குத் தனிப் புலன் கிடையாது. குளிர்ச்சியை வைத்துத்தான் ஈரம் என்று ஊகிக்கிறோம், அதனால் காற்றில் குளிர்ந்த துணிகூட ஈரமாகத் தெரியும்.

பிழிந்த பிறகு எடுத்த எடைதான் கதையைச் சொன்னது. எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பயணத்தில் அது பாதி விஷயம்தான். பிழிந்த பிறகு துணிக்குள் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே காயும் நேரத்தை முடிவு செய்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். பருத்தியில் இருக்கும் தண்ணீருக்கும் பாலியெஸ்டரில் இருக்கும் தண்ணீருக்கும் அதே கணக்குதான். 100 கிராம் ஈரம் மிஞ்சும் துண்டைவிட 200 கிராம் மிஞ்சும் துண்டு இரு மடங்கு வெப்பத்தைக் காற்றிடமிருந்து வாங்கியாக வேண்டும். சீக்கிரம் காயும் துணி என்று தனியாக ஒரு மாயம் இல்லை. குறைவாக ஈரம் மிஞ்சும் துணி, மெல்லிதாக விரியும் துணி, அவ்வளவுதான்.

டர்க்கி டவல் தோற்பதும் இதனால்தான். அதன் மேல் நிற்கும் நூல் சுருக்குகள் ஒவ்வொன்றும் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. போதாததற்குப் பருத்தி இழையே தண்ணீரைக் குடித்து உப்பும். சாதாரணக் காற்றில் காய்ந்து கிடக்கும் பருத்தியிலேயே அதன் எடையில் 7, 8 சதவீதம் ஈரம் உண்டு. பாலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. மைக்ரோஃபைபரில் தண்ணீர் இழைக்குள் போகாமல் இழைகளுக்கு இடையில் உள்ள சந்துகளில் தங்குவதால், முறுக்கினால் வெளியே வந்துவிடுகிறது.

அந்தச் சந்துகள் எப்படி வந்தன என்பது கவனிக்க வேண்டியது. 9,000 மீட்டர் நீள இழை 1 கிராம் எடை இருந்தால் அது 1 டெனியர். அதைவிட நுண்ணியதே மைக்ரோஃபைபர். இந்தத் துண்டுகளில் பெரும்பாலும் 80 பங்கு பாலியெஸ்டரும் 20 பங்கு நைலானும் சேர்ந்த இழையை வகுந்து பல கீற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். தண்ணீரைப் பிடிப்பது அந்தக் கீற்றுகளின் இடைவெளி. வகுக்காத இழையில் நெய்த மலிவு ரகமும் மைக்ரோஃபைபர் என்ற பெயரில்தான் வருகிறது. அது உடம்பில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சாமல் இங்கிருந்து அங்கே தள்ளிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: உள்ளங்கையின் காய்ந்த தோலில் லேசாக இழுத்துப் பாருங்கள். வகுந்த இழை சொரசொரப்பில் மாட்டி இழுபடும். வழுக்கிக்கொண்டு போனால் வாங்க வேண்டாம்.

ஸ்வேட்டும் வாஃபிளும்

ஒரே இழை, இரண்டு குணம். ஸ்வேட் ரகத்தின் முன்னோடி, 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகாமோட்டோ உருவாக்கிய செயற்கை மென்தோல் துணி. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். என் கொடியில் முதலில் காய்ந்தது இதுதான். கடற்கரையில் ஒரு உதறு உதறினால் மணல் கொட்டிவிடுகிறது. ஆனால் இதை வைத்துத் துவட்ட முடியாது. ஈரமான தோலில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். அழுத்தி ஒற்றி எடுக்கத்தான் வேண்டும். பழகிவிட்டால் குறை தெரியாது. பழகும் வரை குளித்த திருப்தியே வராது.

வாஃபிள் ரகத்தில் அந்த ஒட்டல் கிடையாது. குழிகளின் வரம்பு மட்டுமே தோலைத் தொடுவதால், பழகிய துண்டைப் போலத் தேய்த்துத் துவட்டலாம். முகத்துக்கும் இதமாக இருக்கிறது. பதிலுக்கு மடித்தால் கொஞ்சம் பருமன் கூடுகிறது, குழிகளில் ஈரமும் சற்று அதிகமாக நிற்கிறது. கொடியில் இது மூன்றாவதாகத்தான் வந்தது. நீண்ட கூந்தல் உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஸ்வேட்டைத் தலையில் சுற்றினால் வழுக்கி அவிழ்ந்துவிடுகிறது.

ஈரிழைத் துண்டு

இரண்டாவதாகக் காய்ந்தது எந்தத் தொழில்நுட்பமும் இல்லாத ஈரிழைத் துண்டு. ஸ்வேட்டுக்கு மிக அருகில் வந்து நின்றது. சுருக்குகள் கிடையாது, நெசவு மெல்லியது, ஊடே காற்று போகும். பருத்தி என்பதால் இழைக்குள் ஈரம் தங்கத்தான் செய்கிறது. ஆனால் மொத்தத்தில் துணியே குறைவாக இருப்பதால் அந்த ஈரம் பெரிய அளவுக்கு ஏறுவதில்லை. துணியின் தடிமன் இழையின் வகையை இவ்வளவு தூரம் ஈடுகட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மற்றவை செய்யாத வேலைகளையும் இது செய்யும். சூடான பாத்திரத்தை மடித்துப் பிடித்து இறக்கலாம். பாலியெஸ்டர் 250 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுவது. அடுப்பருகே அது கைத்துணியாக வேண்டாம், முகாம் நெருப்பின் ஒரு பொறி பட்டாலே ஓட்டைதான். வெயிலில் தலைக்கு, குளிரில் கழுத்துக்கு, பேருந்தில் தலையணைக்கு மேல் விரிக்க, உடை மாற்றும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ள என்று ஈரிழை நாள் முழுக்கக் கையில் இருக்கும். நனைந்தால் பருத்தி நூலின் வலு கூடும் என்பதால் எவ்வளவு முறுக்கினாலும் கிழிவதில்லை. மூங்கில் என்ற பெயரில் விற்கும் துண்டுகள் பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது தாவரக் கூழைக் கரைத்துச் செய்த இழை. விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும், காயவும் நேரமெடுக்கும். அதனால் அதை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. புது ஈரிழை தண்ணீரை உறிஞ்சாது. நூலில் கஞ்சியும் பருத்தியின் இயல்பான மெழுகும் இருக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, நாலைந்து முறை துவைத்த பிறகே பயணத்துக்கு எடுங்கள். வாங்கிய அன்றே பையில் வைத்துக்கொண்டு போய், துண்டு சரியில்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துண்டின்மேல் தப்பில்லை.

பி.வி.ஏ.

இது வேறு ஜாதி. பாலிவினைல் ஆல்கஹாலால் ஆன நுண்துளைப் பஞ்சு. ஈரமாகவே பயன்படுத்த வேண்டும். துடை, பிழி, மறுபடி துடை. ஒரு நாளைக்கு மூன்று முறை நீரில் இறங்குபவருக்கு இதைவிட நல்லது இல்லை. காய்ந்தால் அட்டைபோல விறைத்துவிடும், நனைத்தால்தான் மடங்கும். அதனால்தான் மூடியுள்ள குழாயில் ஈரத்தோடு வைத்து விற்கிறார்கள். அந்தக் குழாயில் சில நாள் மறந்து வைத்தால் பூசணம் பிடிக்கும். போர்த்திக்கொள்ளவும் முடியாது, சுற்றிக்கொள்ளவும் முடியாது. ஒற்றைத் துண்டோடு போகிறவருக்கு இது ஒத்துவராது.

ஆனால் ஒரு இடத்தில் இது மற்ற மூன்றையும் ஜெயிக்கிறது. மேகம் இறங்கி நிற்கும் மலையிலோ அடைமழையிலோ காற்றில் ஈரப்பதம் நூறை நெருங்கிவிட்டால் எந்தத் துணியும் காயாது. எந்த விளம்பரமும் அதை மாற்றாது. அப்போது கேட்க வேண்டியது ஈரமாக இருக்கும்போதே எது துடைக்கும் என்பதுதான். பி.வி.ஏ. முதலிடம், நன்றாகப் பிழிந்த ஸ்வேட் அடுத்தது. ஈரமான பருத்தி தோலில் ஈரத்தைப் பூசிவிடுகிறது.

வாடை

நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஈரத் துணியின் அந்தப் பழகிய முடைநாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவை 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பெயர் மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ். துணி ஈரமாக இருக்கும் நேரம் நீள நீள அதற்குக் கொண்டாட்டம். அப்படிப் பார்த்தால் சீக்கிரம் காயும் மைக்ரோஃபைபர் ஜெயிக்க வேண்டும். ஆனால் பாலியெஸ்டருக்கு எண்ணெய் பிடிக்கும். உடம்பின் எண்ணெய்ப் பசை அதில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. 2014-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தினர் உடற்பயிற்சிக்குப் பிறகு சட்டைகளை முகர்ந்து மதிப்பிடவைத்தபோது, பருத்தியைவிடப் பாலியெஸ்டர் சட்டைகளே மோசமாக நாறின.

என் அனுபவமும் இதுதான். ஸ்வேட் துண்டு முதல் நான்கு நாள் வாடையே இல்லாமல் இருக்கும். ஒருமுறை வாடை பிடித்துவிட்டால் சோப்பு போட்டாலும் ஈரம் பட்டதும் திரும்ப வரும். பருத்தியைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது. மைக்ரோஃபைபரை அவ்வளவு சூட்டில் போட்டால் இழைகள் கெட்டுவிடும். துணி மென்மையாக்கும் திரவமும் கூடாது, அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் சந்துகளை அடைத்துவிடும். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் எல்லாப் பஞ்சும் இதில்தான் ஒட்டும். வெள்ளி சேர்த்தது, வாடை வராது என்று போட்டிருக்கும் ரகங்களில், பலவற்றில் அந்த வெள்ளி துவைக்கத் துவைக்கக் கரைந்து போகக்கூடியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 2016-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, 6 கிலோ பாலியெஸ்டர் துணியை இயந்திரத்தில் ஒருமுறை துவைத்தால் 5 லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் நுண்ணிழைகள் உதிரக்கூடும் என்று கணக்கிட்டது. மைக்ரோஃபைபர் துண்டை ஓடையிலோ ஏரியிலோ அலசாதீர்கள். குடிக்கும் நீருக்குப் பக்கத்தில் நின்று பிளாஸ்டிக்கை உதிர்ப்பது அது.

எதை எடுப்பது

எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நாள்கணக்கில் நடப்பவர் ஸ்வேட்டை எடுக்கட்டும். அறை எடுத்துத் தங்கி ஊர் சுற்றுபவருக்கு ஈரிழைதான், எனக்கு அதில் இரண்டாவது யோசனை கிடையாது. ஒற்றுவது பிடிக்காதவருக்கு வாஃபிள். பி.வி.ஏ. நீச்சலுக்கு.

எதை எடுத்தாலும் காயப்போடும் விதத்தில் கவனம் வேண்டும். கயிற்றின் மேல் இரண்டாக மடித்துப் போட்டால் நடுவில் இரண்டு அடுக்கு ஒட்டிக்கொண்டு காயாமல் நிற்கும். ஒரு விளிம்பை மட்டும் கவ்வியில் மாட்டி ஒற்றை அடுக்காகத் தொங்கவிட்டால் அதே துண்டு வெகு சீக்கிரம் காய்கிறது. இருட்டுவதற்குள் கூடாரத்தின் மேல்விரிப்புக்குள் கொண்டுவந்துவிடுங்கள், வெளியே விட்டால் பனி காத்திருக்கிறது. காலையில் மிச்ச ஈரம் இருந்தால் முதுகுப்பையின் வெளிப்புறத்தில் மாட்டிக்கொண்டு நடங்கள்.

அளவையும் குறைக்கலாம். 130 × 70 சென்டிமீட்டர் துண்டு, சதுர மீட்டருக்கு 450 கிராம் கனமுள்ள டர்க்கியில் ஏறத்தாழ 410 கிராம். அதே அளவு, 200 கிராம் கனமுள்ள மைக்ரோஃபைபரில் 182 கிராம். நான் எடுத்துச் செல்வது 80 × 40, அது 64 கிராம்தான். முழு உடம்புக்கும் அது போதுகிறது, ஒரு பழக்கம் இருந்தால். குளித்து எழுந்ததும் துண்டைத் தொடுவதற்கு முன், உள்ளங்கையின் விளிம்பால் கைகளையும் மார்பையும் கால்களையும் மேலிருந்து கீழாக வழித்து விடுகிறேன். தண்ணீர் தாரையாக ஓடி விழும். அதற்குப் பிறகு துண்டுக்கு மிஞ்சுவது மெல்லிய ஈரப்படலம் மட்டும்.