வங்காள சுல்தான் டங்கா வாங்குபவர்கள் கவனிக்கவும்

வங்காளத்தை ஆண்ட சுல்தான் சிக்கந்தர் ஷா காலத்து டங்கா என்ற வெள்ளிக் காசு என்று நம்பி, போலியை வாங்கி 9,000 ரூபாயை இழந்துவிட்டேன். வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

கொல்கத்தாவில் வேலை பார்க்கிறேன். போன குளிர்காலத்தில் மால்டா பக்கம் பாண்டுவாவுக்குப் போய், சிக்கந்தர் ஷா 1373-ல் கட்டிய ஆதினா மசூதியைப் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் பெயர் பொறித்த காசு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று ஆசை. ஆன்லைனில் ஒருவர் 4,500 ரூபாய்க்குப் போட்டிருந்தார். வாங்கினேன். பிடித்துப்போனதால், தம்பிக்குக் கொடுக்க அவரிடமே இன்னொன்றும் வாங்கினேன்.

வங்காள டங்காக்களில் உளிவெட்டு இருப்பது சகஜம். உள்ளே வெள்ளிதானா, செம்பா என்று பார்க்க அந்தக் காலத்து நோட்டக்காரர்கள் (காசைச் சோதிப்பவர்கள்) போட்டது. அந்த வெட்டைப் பார்த்துத்தான் அசல் என்று நம்பினேன். இரண்டாவது காசு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில், இரண்டிலும் ஒரே வெட்டு. ஒரே நீளம், ஒரே சாய்வு, நுனியில் ஒரே பிசிறு. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் கிடைக்கலாம். ஆனால் வெட்டு என்பது ஒவ்வொரு காசிலும் தனித்தனியாகக் கையால் போட்டது, அது எப்படி அப்படியே ஒத்துப்போகும்?

நகைக்கடைத் தராசில் ஒன்று 8.7 கிராம், இன்னொன்று 8.8. அசல் 10.6 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தேன், 8.6 வந்தது. நல்ல வெள்ளி என்றால் 10-க்கு மேல் வரும். அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால், எழுத்துகளுக்கு நடுவே ஊசி குத்தியது போலப் பொடிக் குழிகள், விளிம்பைச் சுற்றி அரம் போட்டுத் தேய்த்த தடம். சுத்தியலால் அடித்த காசில் உலோகம் ஓரத்தை நோக்கிப் பரவிய மெல்லிய கோடுகள் தெரியும். இதில் அப்படி எதுவும் இல்லை. அசல் காசு ஒன்றை அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள்.

"600 வருஷத்துக் காசு சார், தேயாமல் இருக்குமா?" என்றார் விற்றவர். எழுத்து தேயாமல் எடை மட்டும் எப்படி 2 கிராம் தேயும் என்று கேட்டேன். என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

நேற்று வேறொரு பெயரில் அதே காசு விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், வலது ஓரத்தில் அந்த வெட்டு இருக்கும்.