கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்தா, லேசரா?

கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு தேய்ந்து பார்வை குறையும் கண் நோய். அதில் போன பார்வை திரும்பாது. சொட்டு, லேசர் இரண்டும் கண் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பதற்குத்தான்.

லட்டானோபிராஸ்ட் சொட்டு இரவில் ஒரு முறை போதும். சிக்கல், அதை ஒரு நாள் விடாமல் போடுவதில்தான். வலி கிடையாது, பார்வையும் தெளிவாக இருக்கிறது, மறந்துபோவது இயல்பு. கை நடுங்கும் வயதானவர்களுக்குப் பாதி மருந்து கன்னத்தில் வழிந்துவிடும், பாவம். டிமோலால் சொட்டு என்றால், ஆஸ்துமா இருப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எஸ்.எல்.டி. லேசர், கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் சல்லடைத் திசுவில் படுகிறது. சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். 2019-இல் வெளியான பிரிட்டனின் 'லைட்' ஆய்வில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் சுமார் 74 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும் சொட்டு இல்லாமலே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. சரி, குறை? பலன் சில ஆண்டுகளில் தேயலாம்; திரும்பச் செய்ய வேண்டிவரும். அந்தச் சல்லடை இருக்கும் மூலை, அதாவது வடிகால் கோணம், மூடியிருந்தால் லேசர் பொருந்தாது.

கோணம் திறந்திருந்து, நோயும் ஆரம்ப நிலை என்றால் நான் லேசர் பக்கம். எதைத் தேர்ந்தாலும் பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பார்வைப் புலப் பரிசோதனையை விடாதீர்கள். கண் அழுத்தம் வழக்கமான மேல் வரம்பான 21-க்கு (மி.மீ. பாதரசம்) கீழே இருந்தும் பார்வை நரம்பு தேய்வது உண்டு.