பயண வரைபடம்: ட்ரேஸ் எடுப்பதா, பட்டையாக வரைவதா, பிள்ளையின் நினைவுக்கே விடுவதா?

குடும்பமாகப் போய்வந்த பயணத்தைப் பிள்ளைகளுக்காக வரைபடமாக்க நினைத்தால், முதலில் தோன்றும் வழி ட்ரேஸ் எடுப்பதுதான். ஃபோனில் இருக்கும் வரைபடத்தைப் பிரிண்ட் போட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாளை வைத்துக் கோடு இழுத்தால் கடற்கரை வளைவும் ஆற்றின் நெளிவும் அச்சு அசலாக வந்துவிடும். சிக்கல் அளவில்தான் இருக்கிறது. ஏ3 தாளின் நீளம் 42 செ.மீ. 400 கி.மீ. பயணத்தை அதில் அடக்கினால் 10 கி.மீ.க்கு ஒரு செ.மீ. கிடைக்கும். பிள்ளைகள் நாள் முழுக்கக் கும்மாளம் போட்ட 2 கி.மீ. கடற்கரை வெறும் 2 மி.மீ.! யாரும் எட்டிக்கூடப் பார்க்காத நெடுஞ்சாலை மீதி இடத்தை எடுத்துக்கொள்ளும்.

அதனால் சாலைப் பயணமென்றால் என் ஓட்டு பட்டை வரைபடத்துக்குத்தான். வழியை மட்டும் நீளமான பட்டையில் வரைந்து, சுற்றியுள்ள நாட்டையெல்லாம் விட்டுவிடுவது. 1675-இல் வரைபடப் பதிப்பாளர் ஜான் ஓகில்பி இங்கிலாந்து, வேல்ஸ் சாலைகளை இப்படித்தான் வெளியிட்டார். ஒரு சாலையைப் பல பட்டைகளாக வெட்டி, பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருப்பார். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். சாலை திரும்பினாலும் பட்டை நேராகவே போகும் என்பதால், ஒவ்வொரு பட்டையிலும் தனியாகத் திசைகாட்டி உண்டு. ஏற்றத்துக்கு மலையை நேராகவும் இறக்கத்துக்குத் தலைகீழாகவும் வரைந்திருப்பார். இதைக் காட்டினால் எந்தப் பிள்ளையும் தலைகீழ் மலை வரைய உடனே கிளம்பிவிடும்! ஓகில்பி ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்று கணக்காகப் போட்டார். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டயர் பஞ்சராகி நின்ற இடத்துக்குத் தாராளமாக ஒரு சாண் கொடுக்கலாம், தூங்கிக்கொண்டே கடந்த 100 கி.மீ.யை விரலளவில் முடித்துவிடலாம்.

ஒரே ஊரில் தங்கிச் சுற்றிய பயணத்துக்குப் பட்டை சரிப்படாது. போன வழியிலேயே திரும்பித் திரும்பி வந்திருப்போம். அங்கே பிள்ளை தன் நினைவிலிருந்து வரையும் வரைபடம்தான் ஜெயிக்கும். விடுதிப் படிக்கட்டு மலையைவிடப் பெரிதாக இருக்கும், வாசலில் படுத்திருந்த நாய் அதைவிடப் பெரிதாக இருக்கும். திருத்தக் கை பரபரக்கும்; அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொரு தாள் கொடுப்பது நல்லது, இல்லாவிட்டால் நாய் எந்தப் பக்கம் படுத்திருந்தது என்பதிலேயே சண்டை வரும். எழுத வராத வயதென்றால், அவர்கள் சொல்லச் சொல்லப் பெரியவர்கள் பெயர் எழுதலாம்.

எந்த வழியானாலும், பேனா விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சாதாரண ஸ்கெட்ச் பேனா பளிச்சென்று இருக்கும், ஆனால் வெளிச்சம் படும் சுவரில் மாட்டினால் நாளடைவில் வெளுத்துவிடும், தண்ணீர் பட்டால் கரையும். வெளிக்கோட்டுக்கு நீரில் கரையாத நிறமி மை பேனாவும் உள்ளே கலர் பென்சிலும் போதும். வாட்டர் கலர்தான் வேண்டுமென்றால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தடிமனான தாள் வாங்குங்கள். 80 ஜிஎஸ்எம் பிரிண்டர் தாள் ஈரம் பட்டதும் நெளிந்து சுருக்கம் விழுந்துவிடும்.

கடைசியில் லேமினேட் செய்வதா, ஃப்ரேம் போடுவதா? லேமினேட் செய்தால் சாப்பாட்டு மேசையிலேயே விரித்து வைத்துப் பார்க்கலாம், ஆனால் பிறகு அதைப் பிரிக்க முடியாது. ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியை லேமினேட் செய்யுங்கள். அசலை ஃப்ரேமுக்குள் வைத்துவிடலாம். பின்பக்கம் தேதியும் பிள்ளைகளின் வயதும் பென்சிலில் இருக்கட்டும்.